உத்தியோகமும் உள்ளத்தின் ஆரோக்கியமும்

வீட்டுப் பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டால் பெற்றோரின் கவலை பாதி தீர்ந்தது என்பது நம்மவர் கொள்கை. சுவாமிக்கு அர்ச்சனை நடக்கிறது. உறவினருக்கெல்லாம் செய்தி பறக்கிறது. அதன் பின்னர் நாம் விசாரிப்பதெல்லாம், "சாப்பிட்டாயா? சம்பளம் வந்ததா?" என்ற இரண்டு கேள்விகளே. "நன்றாகத் தூங்குகிறாயா?" என்ற மூன்றாவது கேள்வி நம் வாயில் வருவதில்லை. இக்காலத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருப்பதால், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் விடுமுறையில் நம்மைத் தேடி வருவதுண்டு. அவர்கள் கூறுவது ஏறக்குறைய ஒரே கதைதான். இரவு பத்து மணிக்கு மேலும் மேலதிகாரியின் கட்டளை கைப்பேசியில் வந்து விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததுமே வயிற்றைக் கலக்குகிறது. சந்தேகம் கேட்டால் அறிவிலி என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சி, பத்து நிமிஷத்தில் முடியும் காரியத்திற்கு இரவெல்லாம் கண் விழிக்கிறார்கள். வேலையை விட்டுவிடலாமென்றால் கல்விக் கடன் வழிமறித்து நிற்கிறது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் போதாது" என்று பெரியவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். நாளெல்லாம் உழுத மாட்டை மாலையில் அவிழ்த்து விடுகிறோம். அதற்கு நெஞ்சுரம் போதாது என்று யாரும் சொல்வதில்லை. மனத்திற்கும் நுகத்தடியை இறக்கி வைக்கும் நேரம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இந்தக் களைப்பைத் தனது வியாதிப் பட்டியலில் குறிப்பிட்டது. இது வியாதி அன்று. தணிக்கப்படாத வேலை நெருக்கடியால் விளையும் நிலை என்றும் தெளிவுபடுத்தியது. அதற்கு அடையாளங்கள் மூன்று: சக்தியெல்லாம் வற்றிப்போன சோர்வு, வேலையின்மீது வெறுப்பு, தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம். தேகமும் இதற்குத் தப்புவதில்லை. வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவிகிதமும், இருதய நோயால் மரணமடையும் அபாயம் 17 சதவிகிதமும் அதிகம் என்று அந்நிறுவனமும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது.

வாலிபர்களுக்கு நாம் சொல்லக் கூடியவை சில. தூக்கத்தைக் கடன் கொடுக்காதீர்கள். படுக்கையறைக்குள் கைப்பேசியை அனுமதிக்காதீர்கள். தெரியாததை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். புதியவன் கேட்பதை யாரும் குறையாக எண்ணார். வேலை மிதமிஞ்சிப் போனால், எதை முதலில் முடிப்பது என்று மேலதிகாரியையே பணிவுடன் கேளுங்கள். அலுவலகத்தில் மனம் விட்டுப் பேச ஒரு நண்பராவது இருக்கட்டும்.

புது வேலையின் ஆரம்பக் கஷ்டமெல்லாம் மனோவியாதி ஆகிவிடாது. ஆனால் துயரமும் உறக்கமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலும், தாமதிக்கலாகாது. உடனே வைத்தியரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் கூறுகிறது. காய்ச்சலுக்கு மருந்துண்பதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் எதற்கு?

எனினும், இளைஞனோ யுவதியோ வைத்தியரிடம் போவதற்கு முன் வீட்டாரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரு வார்த்தை அவர்கள் வாயை அடைத்துவிடும். "முடியாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடு, அப்பா, கடனைச் சேர்ந்து அடைத்துக் கொள்ளலாம்" என்று தகப்பனார் ஒரு முறை சொல்லி வைத்தால், அந்தத் தைரியத்திலேயே அநேகர் அங்கே நிலைத்து நின்று வேலை பார்ப்பார்கள். அப்படியும் இயலாமல் திரும்பி வரும் பிள்ளைக்கு வேறு வேலை தேடிக் கொள்ளலாம். வேறு பிள்ளையை நாம் எங்கே தேடுவது?