சிறிய இடமும் பெரிய சுமையும்

ஒரு கன மீட்டர் மரச்சட்டப் பெட்டியில் உலர்ந்த கட்டை விறகை நெருக்கமாக அடுக்கினால், எடை ஏறத்தாழ 500 கிலோ வரை வரும். ஈர விறகாயின் இன்னும் கனக்கும். குறுகிய கிடங்கொன்றில் இதை உயரே ஏற்ற எந்த எந்திரம் ஏற்றது?

ஃபோர்க் லிஃப்ட் சுமையுடன் திரும்புவதற்குப் பொதுவாக 3 மீட்டர் அளவு அகலம் வேண்டும். கையால் இழுக்கும் பாலெட் வண்டி சந்திலும் நுழையும். ஆனால் சுமையை ஒரு சாண் உயரம்கூடத் தூக்காது. ஆகவே உத்தரத்தில் தொங்கும் சங்கிலிக் கப்பியே இங்கு உதவும்.

இதன் பழைய வடிவம் நாம் இயற்பியலில் படிப்பதுதான். மேலே ஒரே அச்சில் இணைந்த இரு சக்கரங்கள். கீழே ஒரு கப்பி. மூன்றையும் சுற்றி முனையில்லாத ஒரே சங்கிலி. சக்கரங்களின் ஆரம் 10 செ.மீ., 9 செ.மீ. எனில், 20 மீட்டர் சங்கிலியை இழுத்தால் சுமை 1 மீட்டர் உயரும். உராய்வே இல்லையெனில் 500 கிலோவுக்கு 25 கிலோ விசை போதும். உண்மையில் நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போகிறது. எனவே 50 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இருவர் கைகொடுக்க வேண்டியதுதான்.

இது வீணா? இல்லை. அந்த உராய்வுதான், கை நழுவினாலும் பெட்டி கீழே பாயாமல் பிடித்து நிறுத்துகிறது!

பற்சக்கரம் பொருத்திய இக்காலச் செயின் பிளாக்கில் உராய்வு குறைவு, இழுப்பதும் எளிது. ஆனால் சுமையைத் தாங்கி நிறுத்தத் தனியே ஒரு தடை அமைப்பு வேண்டும். ஆதலால் வாங்குவோர் முதலில் தடையையும், பின் உத்தரத்தின் வலிமையையும், அதன் பிறகே விலையையும் பார்க்க வேண்டும். எந்தக் கப்பியாயினும் தொங்கும் சுமையின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது.