தொட்டிலுக்கு முன்னால் வரும் பில்

1986 ஆகஸ்ட் 6. டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த மும்பை கே.இ.எம்., மாநகராட்சி மருத்துவமனை. அதன் பிறகு இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் கைக்குப் போய்விட்டது. ஒரு சுற்றுக்கே செலவு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. கரு தங்கும் என்ற உத்தரவாதமோ இல்லை. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதற்குப் பணம் தருவதில்லை. விளைவு, நகை அடகுக்கடைக்குப் போகிறது.

செலவைக் கட்டுப்படுத்த வழி உண்டா? முதலில் கணவருக்கு விந்தணுப் பரிசோதனை. செலவு குறைந்த இதைத் தள்ளிப்போட்டுவிட்டு மனைவியை மட்டும் அலைக்கழிக்கும் குடும்பங்கள் ஏராளம். அடுத்து, 'பேக்கேஜ்' தொகையை நம்பிவிடக் கூடாது. ஹார்மோன் ஊசிகள், மயக்க மருந்து, கருவை உறையவைத்துப் பாதுகாக்கும் கட்டணம் எல்லாம் தனி பில்லாக வரலாம். முழுக் கணக்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021-ம் ஆண்டுச் சட்டப்படி மையம் பதிவு பெற்றதா என்றும் பாருங்கள். எத்தனை சுற்றோடு நிறுத்துவது என்பதைக் கடன் வாங்கும் முன்பே இருவரும் பேசி முடிவு செய்வது நல்லது. நம்பிக்கை உச்சத்தில் இருக்கும்போது கணக்கு கண்ணில் படாது.

2023-ல் கோவா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இச்சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியது. மனமிருந்தால் அரசுக்கும் இது சாத்தியம்தான்.