திருக்கேதார யாத்திரையும் பருவமும்

வடநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் ஐந்தனுள் ஒன்று திருக்கேதாரம். நடை தொடங்கும் கௌரிகுண்டமும் திருஅனேகதங்காவதம் எனப் போற்றப்பெறும் தலமே. ஆங்கிருந்து கேதாரம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைவழி. இதற்கு நாள் குறிக்கும் அன்பர்கள் பஞ்சாங்கத்தையும் இரயில் அட்டவணையையும் பார்க்கின்றனரேயன்றி, வானத்தைப் பார்ப்பவர் சிலரே.

திருக்கதவம் சித்திரைத் திங்களில் அட்சய திருதியையை ஒட்டித் திறக்கப்பெற்று, தீபாவளியை அடுத்த துவிதியையன்று சாத்தப்பெறும். பனிக்கால வழிபாடு உக்கிமடத்தில் நிகழும். கதவு திறந்திருக்கும் ஆறு திங்களும் நடைக்கு உகந்தவை என்று கொள்ளுதல் தவறு. சித்திரை, வைகாசியில் வழியில் பனி உறைந்து கிடக்கும், கூட்டமும் மிகுதி. ஆனிப் பிற்பகுதி முதல் புரட்டாசி முற்பகுதி வரை பெருமழைக் காலம். மலை சரியும், மந்தாகினி சீறும். மழை நீங்கிய புரட்டாசிப் பிற்பகுதியும் ஐப்பசித் தொடக்கமுமே வானம் தெளிந்த நாட்கள். குளிர் கடுமைதான், ஆயினும் குளிருக்குக் கம்பளி உண்டு, சரியும் மலைக்கு என்ன உண்டு?

பருவமும் சொன்ன நாளில் வருவதன்று. 2013ஆம் ஆண்டு பருவமழை முந்திக்கொண்டது. ஜூன் 16, 17 ஆகிய இரு நாட்களில் பெய்த பேய்மழையோடு, திருக்கோயிலுக்கு மேலிருந்த சோராபாரி ஏரியும் கரை உடைந்தது. உத்தராகண்டத்தில் மாண்டோரும் காணாமற்போனோரும் ஐயாயிரவர்க்கு மேற்பட்டனர். இராம்பாடா என்னும் வழித்தங்கல் அடியோடு அழிந்தது. இன்றைய பாதையின் மேற்பகுதி ஆற்றின் மறுகரையில் புதிதாக அமைத்தது. அப்பாதையும் 2024 ஜூலை 31 இரவு மழையில் பல இடங்களில் அறுபட, ஆயிரக்கணக்கானோர் இடைவழியில் சிக்கினர். ஆதலின் புறப்படுமுன் வானிலைத் துறையின் எச்சரிக்கையைக் கேட்டறிக. விடியலில் நடை தொடங்குக. மலையில் பெரும்பாலும் நண்பகலுக்குப் பின்னரே முகில் திரளும்.

மற்றோர் இடர் கண்ணுக்குப் புலப்படாதது. கௌரிகுண்டம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். கேதாரமோ 3,583 மீட்டர். சமவெளியில் வாழ்ந்த உடல் ஒரே பகலில் அவ்வளவு ஏறினால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் தோன்றும். கீழே ஓரிரு நாள் தங்கி, இடைவழியிலும் ஓரிரவு கழித்து ஏறுதல் நலம். நம்மவர் சுக்கும் மிளகும் முடிந்துகொண்டு செல்வர். அவை சளிக்கு நல்லவை. மூச்சுத் திணறலுக்கு மருந்து ஆகா. நோய் முற்றுமுன் கீழே இறங்குவதே மருந்து.

இறங்கத்தான் மனம் வருவதில்லை. “இத்துணைத் தொலைவு வந்து காணாமல் திரும்புவதா?” என்று முதியோரையும் இழுத்துக்கொண்டு மேலே செல்வோர் பலர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். ஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தவாறே கேதாரத்தைப் பாடிப் பரவினர் என்பது வரலாறு. மலையேறாத அப்பாடல்களாலன்றோ அது பாடல் பெற்ற தலமாயிற்று! மழை கண்டு திரும்பியவன் நேர்த்தி தவறியவன் ஆகான்; அடுத்த ஆண்டு செல்லலாம்.

திரும்பும் பயணச்சீட்டை மட்டும் மூன்று நாள் தள்ளியே வாங்குக. உருத்திரப்பிரயாகைக்கு மேல் சாலை மண்சரிவால் அடைபட்டால், அது திறக்கும் வரை காத்திருக்க நாள் வேண்டும்.