பழைய மகிழுந்தில் தானியங்கி கியர்பெட்டிப் பழுதறிதல்

பழைய மகிழுந்து வாங்குவோர் எஞ்சினுக்கு அடுத்தபடியாகச் சோதிக்க வேண்டியது தானியங்கி கியர்பெட்டி. அதைப் பிரித்துப் பழுதுபார்க்கும் செலவு, வண்டி விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

முதலில் அதன் வகையைக் கேட்டறிய வேண்டும். இந்தியாவில் 2014இல் வந்த மாருதி செலேரியோவுக்குப் பின் பரவலான ஏஎம்டி வகையில் உள்ளிருப்பது சாதாரண கியர்பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதருக்குப் பதில் கருவி இயக்குகிறது. கியர் மாறும்போது சிறு குலுக்கல் அதற்கு இயல்பு. அதே குலுக்கல் டார்க் கன்வெர்ட்டர் வகையில் வந்தால் ஐயப்பட வேண்டும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கியிருந்தால் சில குறைகள் மறைந்துவிடும். பானட்டைத் தொட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். பிரேக்கை அழுத்தியபடி கியர் நெம்புகோலை 'என்' நிலையிலிருந்து 'டி'க்கும், பிறகு 'ஆர்' நிலைக்கும் மாற்ற வேண்டும். இரண்டு வினாடிக்கு மேல் தாமதித்துப் பிடித்தால் எண்ணெய் குறைவாகவோ அதன் அழுத்தம் தாழ்ந்தோ இருக்கலாம். ஓடும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், உள்ளே கிளட்ச் தட்டுகள் நழுவுகின்றன எனக் கொள்ளலாம்.

எண்ணெய் அளவுகோல் உள்ள வண்டிகளில் நிறத்தையும் பார்க்கலாம். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. கருத்துக் கருகல் வாடை வீசினால் தட்டுகள் தேய்ந்து எரிந்திருக்கக்கூடும். பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் நீர் உட்புகுந்திருக்கிறது. அவ்வண்டியை விட்டுவிடுவதே மேல்.

ஓபிடி கருவியில் பி0700 குறியீடு தெரிந்தால் கியர்பெட்டிக் கணினி ஏதோ கோளாற்றைப் பதிந்துள்ளது என்று பொருள். குறியீட்டை முன்பே அழித்திருக்கவும் கூடும். ஆகவே ஓட்டிப் பார்த்தபின் மறுபடியும் படிக்க வேண்டும். "எண்ணெய் மாற்றினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால், அவரையே மாற்றித் தரச் சொல்லிவிட்டு மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம்.