கசகசா டப்பாவுக்குப் பின்னால்...

பெரியப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கணையத்தில் புற்றுநோய். வலி வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைக்கும். படுக்க முடியாது. மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் குனிந்தபடியே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் கேட்டார்: "வலிக்கு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க சார்?"

"ஒன்பது."

மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. பதினோரு நாள் கழித்து நர்ஸ் மறுபடி வந்தபோதும் அதே ஒன்பது. மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் சமையலறை அலமாரியில், கசகசா டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதுவரை பெரியம்மா கொடுத்து வந்தது பாராசிட்டமால்.

"போதை மாத்திரைன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க சிஸ்டர். ஒரு பீடி தொடாத மனுஷன். போற காலத்துல அந்தப் பழக்கம் வேணுமா?"

குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவும் அந்த மாத்திரையும் ஒரே செடியிலிருந்து வருபவை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேச வயல்களில் அரசு உரிமத்தோடு விளைகிறது அந்தச் செடி. மருந்துக்காக அபின் விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனால், நம் வீட்டு நோயாளிக்கு மட்டும் அது எட்டுவதில்லை.

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்துக்கொள்வதையே விட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் அதை எழுதிப் பழகாமலே வளர்ந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி உரிம நடைமுறையை எளிமையாக்கினார்கள். சட்டம் இறங்கி வந்தாலும் வீடுகளில் பயம் இறங்கவில்லை. எனக்குத் தூக்கம் கெடுவது இதை நினைத்துத்தான்.

கடுமையான வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு தேடக் கூடாது. கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். நாமாகக் கூட்டவோ, திடீரென்று நிறுத்தவோ கூடாது. சில வெளிநாடுகளில் இத்தகைய மருந்துகள் வரைமுறையின்றிப் புழங்கிப் பல உயிர்களைப் பறித்ததைச் சுட்டிக்காட்டி எச்சரிப்பவர்களும் உண்டு. எச்சரிக்கை நியாயம்தான். அதற்காகத் துடிப்பவரைத் துடிக்கவிடுவது நியாயமாகாது.

இன்னொரு பயம், "பேலியேட்டிவ் கேர் (வலி தணிப்புச் சிகிச்சை) என்றாலே கைவிரித்துவிட்டார்கள்" என்பது. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பேலியேட்டிவ் கேரும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய கிளினிக்காகத் தொடங்கியது, ஊர்க்காரர்களே தொண்டர்களாகி வீடு வீடாகப் போகும் இயக்கமானது. 2008-ல் மாநில அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டிலும் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் வலி தணிப்புச் சேவை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டும்போதே, "வலிக்கு என்ன செய்யப் போறீங்க டாக்டர்?" என்றும் கேளுங்கள்.

நர்ஸ் அன்று ஒரு மணி நேரம் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். முதல் மாத்திரையைப் பெரியம்மாவே கொடுத்தார். மூன்றாம் நாள் பெரியப்பா போட்ட மார்க் மூன்று. தலையணை மடியிலிருந்து தலைக்கடிக்குப் போனது. மிச்சமிருந்த ஏழு வாரமும் படுத்துத் தூங்கினார்; பேத்திக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார்.

அவர் போய் ஆறு மாதமாகிறது. சாவை நினைத்துப் பெரியம்மா அழுவது குறைந்துவிட்டது. அந்தப் பதினோரு ராத்திரியை நினைத்துத்தான் இன்னும் அழுகிறார்.