மூன்று கோடி இழைகளின் பிடி

திருப்பூர் காதர்பேட்டையில் டி-ஷர்ட் வாங்க வருகிறவர்கள் அளவு பார்ப்பதற்கு முன்பே துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். வழுவழுப்பாக இருந்தால் நல்ல சரக்கு, சொரசொரப்பாக இருந்தால் மட்டம் என்று முடிவாகிவிடும். விரல் நுனி நுட்பமான கருவிதான். ஆனால் அது துணியின் இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். முப்பது முறை துவைத்த பிறகும் அந்தத் துணி அப்படியே இருக்குமா என்று தெரிய வேண்டுமானால் நூலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதையின் தோலில் இருக்கும் செல் நீண்டு வளர்ந்து, உள்சுவரில் செல்லுலோஸ் அடுக்கடுக்காகப் படிந்து, காய் வெடித்ததும் உலர்ந்து தட்டையாகித் தானாகவே முறுக்கிக்கொள்கிறது. நம் மில்களில் பரவலாக ஓடும் பருத்தியில் ஓர் இழையின் நீளம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். பனியன் துணிக்கு அதிகம் புழங்கும் 30-ஆம் கவுண்ட் (நூலின் சன்னத்தைக் குறிக்கும் எண்) நூலைக் குறுக்கே வெட்டினால் அதில் நூற்றுச் சொச்சம் இழைகள் இருக்கும். 150 கிராம் எடையுள்ள ஒரு டி-ஷர்ட்டில் அப்படிப்பட்ட நூல் ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. கணக்குப் போட்டால் சட்டை ஒன்றுக்கு மூன்று கோடிக்கும் அதிகமான இழைகள்.

இந்த மூன்று கோடியில் எதுவும் எதனோடும் ஒட்டப்படவில்லை, முடிச்சும் போடப்படவில்லை. பெரும்பாலான இழைகள் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டிப் போவதில்லை. ஏழு கிலோமீட்டர் நூலை நூலாக வைத்திருப்பது முறுக்கு ஒன்றுதான். முறுக்கிய நூலை இழுக்கும்போது வெளியே சுற்றியிருக்கும் இழைகள் உள்ளே இருப்பவற்றை நெருக்குகின்றன. நெருக்க நெருக்க உராய்வு கூடுகிறது. உராய்வு கூடக் கூட இழைகள் நழுவ முடியாமல் நின்றுவிடுகின்றன. இழுக்கிற விசையே பிடியை இறுக்குகிறது. யோசிக்க யோசிக்க எனக்கு இது பெரிய அதிசயமாகவே படுகிறது.

அப்படியானால் நன்றாக முறுக்கிவிட்டால் போயிற்றே என்று தோன்றும். ஓர் அளவு வரை முறுக்கு ஏற ஏற நூலின் வலுவும் ஏறும். அதைத் தாண்டினால் இழைகள் மிகவும் சாய்ந்துபோய் வலு குறையத் தொடங்கும். ஆனால் அந்த எல்லைக்கு வருவதற்கு வெகு முன்பே நூல் கம்பி போல விறைத்துவிடும். ஒன்றின்மேல் ஒன்று சறுக்க இடம் இருந்தால் நூறு இழைகளும் தனித்தனியாக வளையும். மெல்லிய இழையை வளைக்க விசையே வேண்டியதில்லை. அவற்றை இறுக்கிப் பூட்டிவிட்டால் மொத்தமும் ஒரே தடித்த கம்பியாக எதிர்த்து நிற்கும். தோலுக்கு மென்மையாகப் படுவது இழைகளின் அந்தச் சறுக்கல்தான். துவைக்கத் துவைக்கத் துணி நைந்துபோவதும் அதே சறுக்கலால்தான். சுகமும் உழைப்பும் இரண்டு தனிக் குணங்கள் அல்ல. இழையை எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறோம் என்ற ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள். அதனால்தான் தறியில் பாவாக ஓடும் நூலைவிடப் பனியன் நூலுக்கு முறுக்கைக் குறைவாகவே வைக்கிறார்கள்.

இவ்வளவு கவனமாக நூற்றாலும் இழைகளின் முனைகள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்த ரோமத்தை நீக்கத் திருப்பூரில் பயோவாஷ் செய்கிறார்கள். அதன் கதை பசிபிக் பெருங்கடலில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் வேகமாக மட்கிப்போயின. காரணம் தேடியவர்கள் பிரித்தெடுத்தவற்றில் ஒன்று, செல்லுலோஸைச் சர்க்கரையாக உடைத்துத் தின்னும் ஒரு பூஞ்சை. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் பின்னாளில் அதற்கு டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர் வைத்தார்கள். படையின் துணியைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, அந்தப் பூஞ்சை சுரக்கும் செல்லுலேஸ் என்சைமைத் தொழிற்சாலை அளவில் தயாரிப்பதில் வந்து நின்றது. சாயப்பட்டறையில் 50, 55 டிகிரி சூட்டில், லேசான அமிலத் தண்ணீரில் துணி புரளும்போது அதே வகை என்சைம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரோமங்களை அரித்துப் பலவீனமாக்குகிறது. துணி ஒன்றோடொன்று உரசும்போது அவை உதிர்ந்துவிடும். கூடாரத்தை மட்க வைத்த வேலைதான். ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை எடை குறையும். துணியின் வலுவும் கொஞ்சம் போகும்.

நீளமான இழையில் நூற்ற நல்ல நூலுக்கு இது பெரிய இழப்பல்ல. மேற்பரப்பு சுத்தமாகும், நிறம் தெளிவாகத் தெரியும், பின்னால் உருண்டை கட்டுவதும் குறையும். குட்டை இழைகள் நிறைந்த மலிவு நூலிலோ ரோமம் அதிகம். அதை மறைக்க என்சைமைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது. அது ரோமத்தோடு நிற்காமல் நூலின் உடம்பையும் அரிக்கிறது. போதாததற்கு மேலே சிலிக்கோன் சாஃப்ட்னர். கடையில் விரலுக்கு வழுவழுவென்று தெரிவது பெரும்பாலும் இந்தப் பூச்சுதான். துவைக்கத் துவைக்கக் கரைந்து போய்விடும். குறைந்த விலைச் சட்டையில் எனக்கு உண்மையான வருத்தம் தருவது இது ஒன்றுதான். முன்னூறு ரூபாய் கொடுக்கிறவருக்கு மூன்று நாலு சட்டைதான் இருக்கும். சீக்கிரம் கிழியும் சட்டை அவருக்குத்தான் அதிகச் செலவு வைக்கிறது.

உருண்டை கட்டுவதிலும் ஒரு விநோதம் உண்டு. அக்குளிலும் பை உரசும் இடத்திலும் இழைகள் பாதி வெளியே வந்து, சிக்கி, சின்னச் சின்ன உருண்டைகளாகின்றன. ஒவ்வோர் உருண்டையையும் சில இழைகள் துணியோடு பிடித்து வைத்திருக்கும். சுத்தப் பருத்தியில் அந்த இழைகள் சீக்கிரம் அறுந்துவிடுவதால் உருண்டை தானாக உதிரும். பாலியஸ்டர் கலந்த துணியில் அவை அறுவதில்லை. உருண்டைகள் வருஷக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். வலுவான இழை கலந்ததால்தான் துணி பழசாகத் தெரிகிறது. ஆனாலும் கிழிசலைத் தாங்குவதில் கலப்புத் துணியே முந்துகிறது. தினமும் மூட்டை தூக்குகிறவருக்கும், நாள் முழுக்க வண்டியில் அலைகிறவருக்கும் அது நியாயமான தேர்வு. எனக்கு வியர்வைதான் முக்கியம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழு, எட்டு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. சித்திரை வெயிலில் அந்த வித்தியாசத்தை முதுகு சொல்லும்.

பருத்திக்கு இன்னொரு பலமும் உண்டு. நனைந்தால் அதன் வலு கூடுகிறது. துவைக்கிற கல்லில் அடித்தும் நம் வேட்டிகள் இத்தனை காலம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கடையில் பட்டுப் போல வழுக்கும் விஸ்கோஸ் இதற்கு நேர் எதிர்; ஈரத்தில் அதன் வலு கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

சுகத்தையும் உழைப்பையும் ஒரே சமயத்தில் கூட்ட வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது: நீளமான இழை. இழை நீண்டால் பக்கத்து இழைகளைத் தொடும் தூரமும் நீள்கிறது. குறைந்த முறுக்கிலேயே பிடி கிடைக்கிறது. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய சுவின் பருத்தி உலகின் மிக நீண்ட இழைகளில் ஒன்று. அதன் விலை அன்றாடச் சட்டைக்குக் கட்டாது. கட்டக்கூடியது கோம்டு நூல். பஞ்சைச் சீப்பால் வாரிக் குட்டை இழைகளை நூற்றுக்குப் பதினைந்து பங்கு போல வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சியவை நீளமானவை. நூற்கும்போதே காற்றால் உறிஞ்சி ரோமங்களை நூலுக்குள் இழுத்துக்கொள்ளும் காம்பேக்ட் நூல் இன்னும் ஒரு படி மேல்.

அடுத்தது பின்னல். திருப்பூரில் துணியைக் கிலோ கணக்கில்தான் வாங்குவார்கள். கண்ணியைப் பெரிதாக்கித் தளர்வாகப் பின்னினால் ஒரு கிலோவில் கூடுதலாகச் சட்டை வெட்டலாம். அது உடுத்தக் காற்றோட்டமாகத்தான் இருக்கும். ஆனால் துவைத்ததும் கண்ணிகள் தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்பித் துணி சுருங்கும். நூலில் மிச்சமிருக்கும் முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்ப்பதால் பக்கத் தையல் மெல்ல வயிற்றுப் பக்கம் நகர்ந்து வரும்.

நான் வாங்கும்போது விரலால் தடவுவதைக் கடைசியாக வைத்துக்கொள்வேன். முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். திட்டுத்திட்டாகத் தடிப்பும் மெலிவும் தெரிந்தால் நூல் சரியில்லை. பிறகு உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பார்ப்பேன். பின்னலின் நேர்க்கோடு தையலுக்கு இணையாக ஓட வேண்டும். கழுத்துப் பட்டையை (ரிப்) இழுத்துவிட்டால் உடனே பழைய அளவுக்கு வர வேண்டும். தையல் ஓரத்தில் ஊசி ஓட்டைகள் தெரியக் கூடாது. பனியன் துணிக்கு முனை மழுங்கிய ஊசிதான் போடுவார்கள், அது கண்ணியை ஒதுக்கிவிட்டு இறங்கும். ஊசி தேய்ந்திருந்தால் கண்ணி அறுந்து, அங்கிருந்து துளை நீளும். 160 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), கோம்டு, முழுப் பருத்தி, அளவான பயோவாஷ் என்றால் நம் வெயிலுக்குப் போதும். புதிதில் சற்று விறைப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நாலு துவைப்பில் அது தானாக இளகும். துவைக்கும்போது உள்பக்கம் திருப்பிப் போட்டால் உராய்வு வெளிமுகத்தில் விழாது. வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லுலோஸ் சங்கிலிகளை அறுக்கும் என்பதால் காயப்போட நிழலே நல்லது.