கேஜ் வீலை ஏன் கழற்றி மாட்டுகிறோம்?

கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் தண்ணீர் வந்து நெல்லுக்குச் சேற்றுழவு தொடங்கினால், டிராக்டரின் பின்சக்கரங்களோடு இரும்புக் கூண்டும் சேர்ந்துகொள்ளும். அதுதான் கேஜ் வீல். வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம்.

ரப்பர் டயர் மட்டும் ஏன் போதாது? அதன் பட்டன்களுக்கிடையே களிமண் அப்பிக்கொள்ளும். பிடிப்புப் போய், சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். கூண்டில் சேறு அப்ப இடம் குறைவு. குறுக்கே பற்றவைத்த ஆங்கிள்கள் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கிப் பின்னால் தள்ள, வண்டி முன்னே போகும். அகலம் கூடுவதால் எடை பரவி, புதைவதும் குறையும்.

செய்யும்போது கண் வைக்க வேண்டியது வளையத்தில். பற்றவைத்த இடம் ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும். ஒரே பக்கமாக வெல்டிங் ஓட்டினால் வட்டம் கோணிவிடும். எதிரெதிரே பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, சுற்றிவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டிங். கோணிய சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்ஸிலையும் பேரிங்கையும் உலுக்கும்.

வெல்டிங்கில் நிரந்தரமாக ஒட்டாமல் போல்ட்டில் மாட்டுவதற்குக் காரணம் சாலை. சேற்றில் பரவிய அதே எடை, தார்ச்சாலையில் ஓரிரு ஆங்கிள் விளிம்புகளில் குவியும், தார் பெயர்ந்துவிடும். வரப்பேறியதும் கழற்றி டிரெய்லரில் ஏற்றுவதுதான் சரி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியை வேகம் கொடுத்து முன்னே எடுக்காதீர்கள். சக்கரம் சுழலாவிட்டால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுநர்மேலேயே கவிழலாம். வேறு டிராக்டர் கட்டி இழுக்கச் சொல்லுங்கள்.